பேரக்கா வைத்த சிவப்புப் புள்ளி

வானொலி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் அவளை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. டைப்பிஸ்டாகச் சேர்ந்த மூன்றாம் வருடமே அவள் பேரக்கா ஆகிவிட்டாள். வாசல் காவலாளி முதல் பிரிவு மேலாளர் வரை எல்லோருக்கும் பேரக்காதான். அவளைவிட இருபது வயது மூத்த செய்தி வாசிப்பாளர்கூட ஒருநாள் வாய் தவறி, "அந்தப் பேரக்காவை வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் பெரு நாடு.

அந்தக் காலத்தில் உலகச் செய்திகள் டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வரும். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கிறுக்கித் தருவார், அவள் டைப் அடிப்பாள், செய்தி வாசிப்பாளர் வாசிப்பார். வாசிப்பாளரின் குரல் தட்டினால் ஒலிக்கும் குரல். அதனால் அவருக்கு வெண்கலம் என்று பெயர். ஒருநாள் பெருவில் வெள்ளம். "பெரு நாட்டில் பெரு வெள்ளம்" என்று தாளில் இருந்ததை வெண்கலம் கம்பீரமாக வாசித்துவிட்டுப் போனார். ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அலறியது.

"பெரிய நாட்டுல பெரிய வெள்ளம்னு சொல்லிட்டுப் போறீங்களே, எந்தப் பெரிய நாடுன்னு சொல்ல வேண்டாமா? என் பையன் அமெரிக்காவுல இருக்கான். எனக்கு வயித்தக் கலக்குது" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

பிரிவே சிரித்தது. டைப் அடித்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவர் அந்த ஐந்து நிமிடம் எப்படித் தவித்திருப்பார் என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

தமிழில் 'க' ஒன்றுதான். கடல் என்றால் ஒரு மாதிரி, மகள் என்றால் ஒரு மாதிரி, தங்கம் என்றால் இன்னொரு மாதிரி. நம் சொல்லாக இருக்கும்வரை அதை நாக்கே பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டுப் பெயர் வந்துவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிடும். கானா என்று எழுதினால் நாடா பாட்டா தெரியாது. வெண்கலத்துக்கு 'ஹ' வராது. அவர் ஹங்கேரிப் பிரதமரை "அங்கேரிப் பிரதமர்" என்று வாசிக்கப்போய், "பிரதமர் எங்கே ஏறினார் என்பதைத் தெரிவிக்கவும்" என்று ஒரு குசும்புக்கார நேயர் கடிதமே எழுதிப் போட்டிருந்தார்.

பேரக்கா ஒரு சிவப்புப் பென்சில் வாங்கினாள். தொண்டை அதிரச் சொல்ல வேண்டிய எழுத்தின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லையென்றால் அழுத்திச் சொல்ல வேண்டும். இழுக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. இதற்கு யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை, தடுக்கவும் இல்லை. வெண்கலம் முதலில், "என்னம்மா இது, தாளுக்கு அம்மை போட்டிருக்கு?" என்றார். ஒரு மாதம் கழித்துப் புள்ளி வைக்காத தாள் வந்தபோது, "அம்மை எங்கே?" என்று அவரே கேட்டார்.

புள்ளி வைக்க வேண்டுமென்றால் சரியான உச்சரிப்பு தெரிய வேண்டும். அதற்கு அந்தந்த நாட்டுக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். தூதரகங்களுக்கு போன் போட்டாள். அவர்கள் கடிதத்தலைப்பில் உள்ள நீளமான பெயரை ஒப்பித்தார்கள். அது அவளுக்குப் போதவில்லை. "சரிங்க, உங்க வீட்ல, உங்கம்மாகிட்டப் பேசறப்ப, உங்க நாட்டை என்னன்னு சொல்லுவீங்க?" என்று அடுத்த கேள்வி போட்டாள். அங்கிருந்துதான் விஷயம் ருசிக்க ஆரம்பித்தது. காகித ஆலைக்கு இயந்திரம் பூட்ட வந்த பின்லாந்துக்காரர் "சுவோமி" என்றார். சர்க்கஸில் அந்தரத்தில் தொங்கும் ஹங்கேரிக்காரி "மஜாரோர்சாக்" என்றாள். மருத்துவக் கல்லூரியில் படித்த எகிப்துப் பையன் "மஸ்ர்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டான். வாழ்த்துச் செய்தி பதிவு செய்ய நிலையத்துக்கு வந்த கிரேக்க மாலுமி "எல்லாதா" என்றதும், பக்கத்தில் நின்ற பியூன் மிரண்டுபோய், "என்னக்கா, எல்லாத்தையும் தான்னு கேக்கறாரு?" என்றான்.

ஒரு நாட்டுக்கு ஒரு அட்டை. மேல் வரியில் உலகம் கூப்பிடும் பெயர், கீழ் வரியில் அவர்களே கூப்பிட்டுக்கொள்ளும் பெயர். பள்ளிக்கூடப் பேரும் வீட்டுப் பேரும் மாதிரி. அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கப்பட்டு அவள் டைப்ரைட்டருக்கு இடப்பக்கம் இருந்தன. பேர் கேட்கிற அக்கா என்பதுதான் பேரக்கா ஆயிற்று.

அவள் குடியிருந்த தெருவில் உலகம் இன்னும் சுருக்கம். அவளுடைய அம்மாவுக்குக் கடல் தாண்டியதெல்லாம் சீமை. எதிர்வீட்டுக்காரரின் மகன் வேலை பார்த்தது மஸ்கட்டில். அவரோ துபாய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், "மஸ்கட்னா எங்க இருக்குன்னு கேக்கறாங்க. துபாய்னா உடனே நாற்காலி எடுத்துப் போடறாங்க" என்பார். சொந்த நாட்டுக்கும் தெருவில் இரண்டு பெயர் உண்டு. பஸ் நேரத்துக்கு வந்தால் 'நம்ம நாடு'. வராவிட்டால் 'இந்த நாடு'. பேரக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டே போவாள், வருவாள்.

அவள் கணவர் அடிபம்பு செய்யும் கம்பெனியில் ஃபிட்டர். எண்பத்து நாலாம் வருடம் அந்தக் கம்பெனிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். பம்பைக் கழற்றவும் பூட்டவும் பழுது பார்க்கவும் ஒன்பது மாதம் கற்றுக்கொண்டு, பம்புகளோடு திரும்பிப் போக வேண்டும். அவர்களின் வாயிற்சீட்டில் நாடு என்ற இடத்தில் 'மேல் வோல்டா' என்று எழுதியிருந்தது.

தொழிற்சாலை வாய்க்கு அவல் கிடைத்ததுபோல ஆகிவிட்டது. "மேல் வோல்டான்னா, கீழ் வோல்டா எங்கப்பா?" என்றார் வாசற்காரர். அன்று மாலைக்குள் அவர்கள் 'மேல்மாடிக்காரங்க' ஆனார்கள். மின்சாரப் பிரிவுக்காரர்கள் தங்கள் பங்குக்கு 'வோல்டேஜ்' என்று வைத்தார்கள். ஆறு பேரில் மிக உயரமானவர் எங்கே வந்தாலும், "ஹை வோல்டேஜ் வருது, தள்ளி நில்லு" என்று ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். உயரமானவரும் விஷயம் புரியாமல் கூடச் சிரிப்பார்.

வீட்டில் இதைச் சொல்லிக் கணவர் சிரித்தபோது, பேரக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"அவங்க வீட்ல அவங்க நாட்டை என்னன்னு சொல்லுவாங்கன்னு கேட்டீங்களா?"

"நான் வாஷர் மாட்டக் கத்துக்குடுக்கறேன். நீ என்னடான்னா பேரு கேக்கச் சொல்ற."

"கேட்டுட்டுத்தான் வாங்களேன். வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

மறுநாள் கேட்டுக்கொண்டு வந்தார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் தன் ஊர்ப் பேரைச் சொன்னாரு. இன்னொருத்தர் தன் சாதிசனத்துப் பேரைச் சொன்னாரு. அவங்கள்ல மூத்தவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். அவர்தான் விவரமாச் சொன்னாரு. வோல்டாங்கறது ஆறாம். ஆத்தோட மேல்பக்கம்னு வெள்ளைக்காரன் மேப்ல எழுதி வச்சதாம். வீட்ல அப்படி யாரும் சொல்ல மாட்டாங்களாம்."

"அப்ப என்னன்னுதான் சொல்லுவாங்க?"

"நம்ம ஊருன்னுதான். நாம சொல்ற மாதிரி."

அட்டையில் மேல் வரியை எழுதிவிட்டுக் கீழ் வரியைக் காலியாக விட்டாள் பேரக்கா.

ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. டெலிபிரிண்டர் வழக்கம்போலக் கடகடவென்று கக்கிக்கொண்டிருந்தது. தாளைக் கிழித்து அடுக்கும்போது அவள் கண்ணில் அந்தச் சின்னச் செய்தி பட்டது. மேல் வோல்டா என்ற பெயரை விட்டுவிட்டார்கள். புதுப் பெயர் புர்க்கினா ஃபாசோ. அந்நாட்டு மக்கள் இனிமேல் புர்க்கினாபே. மொத்தம் ஆறு வரி.

மேலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். "சின்ன நாடு. கடைசிச் செய்தியா ரெண்டு வரி போடுங்க. மேல் வோல்டான்னே போடுங்க. புதுப் பேரு யாருக்குப் புரியும்?"

வெண்கலம் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "என்னது, பாசோ? பாசோ ஃபெயிலோ, யாரு கேக்கப் போறா?"

அறையே சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், மறுப்பதற்கில்லை. பேரக்காவும் உதட்டோரம் சிரித்தாள். ஆனால் கை அந்தத் தாளை விடவில்லை. மாலை ஏழு மணிக்குச் செய்தி. மணி இப்போது பதினொன்று. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மதிய மணி அடித்திருந்தது. பம்பு பூட்டும் கூடத்தில் பித்தளை சிலிண்டர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு தட்டில் தோல் வாஷர்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் தொட்டிமேல் ஒரு பம்பு நின்றது. அடித்துப் பார்த்துத் தண்ணீர் வந்தால்தான் பம்பு வெளியே போகும். அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இவளைப் பார்த்ததும் உயரமானவர் எழுந்து, "வணக்கம்ண்ணே" என்றார். கூடத்தில் கற்ற தமிழில் அண்ணிக்கு வழியில்லை.

கணவர் பதறிப்போனார். "என்னம்மா, வீட்ல ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு பேரு கேக்கணும்."

தாளைப் பிரித்து மூத்தவரிடம் நீட்டினாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இதை எப்படிச் சொல்லணும்? சாயங்காலம் ரேடியோவுல வாசிக்கறாங்க" என்றாள்.

மூத்தவர் வாசித்தார். மறுபடி மேலிருந்து வாசித்தார். பிறகு விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"இது எங்க நாடா?"

பேரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்குத் தெரியாது! ஊரிலிருந்து கடிதம் வர மூன்று வாரம் ஆகும். பெயரைக் கேட்டுக்கொள்ள வந்தவள், பெயரைச் சொல்ல வந்தவளாகிவிட்டாள். இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஆமாங்க. உங்க நாடுதான். சனிக்கிழமையிலேருந்து இதுதான் பேரு" என்று மட்டும் சொன்னாள்.

தாள் கைமாறிக் கைமாறிப் போனது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதில் ஒருவர் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பவர். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஏதோ சுருக்கென்று சொன்னார். மூத்தவர் அதை மொழிபெயர்த்தார்: "பேரு மாறினா கிணத்துல தண்ணி ஊறுமான்னு கேக்கறாரு."

உயரமானவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. முதல் சொல்லைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, மளமளவென்று பேசினார். அது அவர் தாய்மொழிச் சொல்லாம். அர்த்தம் சொல்ல அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் சாய்த்திருந்த பம்புக் குழாய் ஒன்றைத் தூக்கித் தரையில் நட்டமாக நிறுத்தினார். பெஞ்சின்மேல் இருந்த ரசமட்டத்தை எடுத்துக் குழாயோடு ஒட்டிப் பிடித்தார். குமிழி ஓடி நடுவில் வந்து நின்றது. குமிழியைக் காட்டினார், பிறகு முதுகை நிமிர்த்தித் தன்னைக் காட்டினார்.

"நேரா நிக்கறது" என்றார் கணவர் மெல்ல.

"நேர்மையான ஆளு" என்றாள் பேரக்கா.

இரண்டாவது சொல்லுக்கு வேறொருவர் சொந்தம் கொண்டாடினார். அது தன்னுடைய மொழி என்றார். அதற்கு ரசமட்டம் தேவைப்படவில்லை, மூத்தவரே சொல்லிவிட்டார்: "அப்பா வீடு."

நேர்மையானவர்களின் அப்பா வீடு. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளிகள் இதற்குள் டப்பாவும் கையுமாகச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஹை வோல்டேஜ் என்று பெயர் வைத்தவனும் அதில் இருந்தான். அவன் சாப்பாட்டை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டுக் குழாயையே பார்த்தான்.

கடைசியில் மூஞ்சி தூக்குபவரின் விரல், தாளில் மக்களைக் குறிக்கும் சொல்லின் மேல் வந்து நின்றது. புர்க்கினாபே. அதன் நுனியில் இருந்த 'பே'வைத் தட்டினார். மற்ற ஐவரும் ஓவென்று கத்தினார்கள். அந்த 'பே' அவருடைய மொழியாம். மூன்று மொழியில் அவருக்குக் கிடைத்தது வால் மட்டும்தான். ஆனால் அந்த வாலைக் கண்டதும், ஆறு மாதமாக யாரும் பார்த்திராத அவருடைய பல் வரிசை தெரிந்தது.

பிறகுதான் வேலை ஆரம்பித்தது. பேரக்கா சொல்லிப் பார்த்தாள். உயரமானவர் முகத்தைச் சுளித்தார். மறுபடி சொன்னாள். மறுபடி சுளித்தார். நாலாவது தடவை அவளுக்குப் பிடிபட்டது. தமிழ் நாக்கு இந்தப் பெயரைத் தலைகீழாகப் புரட்டுகிறது. புலியின் 'பு'வைப் போட்டுத் தொடங்கி, மார்கழியின் 'க'வைப் போல நடுவில் குழைத்துவிடுகிறது. வேண்டியது புத்தரின் 'பு', கிளியின் 'கி'. புள்ளி முதலெழுத்துக்கு, அழுத்தம் நடுவெழுத்துக்கு. அப்படிச் சொன்னதும் ஆறு பேரும் கை தட்டினார்கள். சுற்றி நின்றவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். கூடம் முழுக்கப் புர்க்கினா, புர்க்கினா என்று பம்பு அடிப்பதுபோல ஒலித்தது. வேலை மணி அடித்தது.

கிளம்பும்போது மூத்தவர் வாசல்வரை வந்தார். "இன்னிக்கு சாயங்காலம் இந்தப் பேரைச் சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க" என்றாள் பேரக்கா.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வந்தது. மேலாளர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், வாசிப்பவர் கேலி பேசியிருக்கிறார். டைப் அடிக்கும் தான் எந்தத் தைரியத்தில் வாக்குக் கொடுத்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

நாலரை மணிக்கு நிலையத்தில் நுழைந்தாள். இரண்டு வரிக்குப் பதில் ஐந்து வரியாக அந்தச் செய்தியை டைப் அடித்தாள். இதுவரை மேல் வோல்டா என்று அழைக்கப்பட்ட நாடு என்று ஒரு வரி. அர்த்தம் ஒரு வரி. தலைப்புச் செய்தியிலும் சேர்த்தாள். சிவப்புப் புள்ளி வைத்து மேலாளரிடம் கொண்டுபோனாள்.

"நான் என்னம்மா சொன்னேன்?"

"புரியாதுன்னு சொன்னீங்க சார். பழைய பேரையும் போட்டிருக்கேன், புரியும்."

"தலைப்புலயா? இதுவா தலைப்பு?"

அதற்குள் வெண்கலம் தாளை எடுத்துக்கொண்டார். "என்னம்மா, உன் பாசோ ஃபெயிலோவுக்கு அஞ்சு வரியா? முப்பது வருஷமா வாசிக்கறேன். இந்த மாதிரிப் பேரையெல்லாம் விழுங்கிட்டுப் போயிடணும். நேயர் கண்டுக்க மாட்டார்."

பேரக்கா அவரிடம் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"சார், போன வருஷம் ஒரு மேடையில உங்க இனிஷியலைத் தப்பாச் சொன்னாங்க. நீங்க மைக்கை வாங்கித் திருத்துனீங்க. ஒரே ஒரு எழுத்து."

வெண்கலத்தின் முகம் சிவந்தது.

"அந்த நாட்டுக்காரங்க ஆறு பேரு இந்த ஊர்ல இருக்காங்க சார். ஏழு மணிக்கு ரேடியோ முன்னால உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது. நீங்க வாசிக்கற பத்து நிமிஷத்துல அவங்களுக்குப் புரியப்போறது ஒரே சொல்லுதான்."

வெண்கலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஒரே சொல்லா?"

"ஒரே சொல்லு சார்."

"அதையும் தப்பாச் சொன்னா மானம் போயிடும்" என்றார் தனக்குள் பேசிக்கொள்வதுபோல. பிறகு மேலாளரைத் திரும்பிப் பார்த்து, "தலைப்புல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

முப்பது வருடம் யாரும் திருத்தாத அந்த மனிதர், ஒரு டைப்பிஸ்டின் மேசைக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புலி வந்தது. "புத்தர் சார், புத்தர்" என்றாள். மார்கழி வந்தது. "கிளி சார்." பத்துத் தடவை. இருபது தடவை. காப்பி கொண்டுவந்த பியூன், இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

ஏழு மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேரக்கா நின்றாள். தலைப்புச் செய்திகளில் மூன்றாவதாக அது வந்தது. வெண்கலம் அரை நொடி நிறுத்தினார். பிறகு அந்தப் பெயரை முழுசாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதையோடு சொன்னார். புத்தரும் இருந்தார், கிளியும் இருந்தது. தன் கை தன் தொண்டைமேல் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அவரோடு சேர்ந்து அவளும் சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறாள். விரலுக்கு அதிர்வு தெரிந்தது.

கணவர் எட்டரைக்கு வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆறு பேரும் சட்டை மாத்திட்டு, தலை வாரிட்டு, கேன்டீன் ரேடியோவுக்கு முன்னால வந்து உக்காந்துட்டாங்க. நாங்க ஒரு நாப்பது பேரு பின்னால. மொதல் தடவை பேரு வந்ததும் மூத்தவர் எழுந்து நின்னுட்டாரு. உடனே அஞ்சு பேரும் எழுந்தாங்க. அவங்க எழுந்ததைப் பாத்து நாங்களும் எழுந்துட்டோம். கேன்டீன்காரர் கரண்டியும் கையுமா நிக்கறாரு. செய்தி முடியற வரைக்கும் ஒருத்தரும் உக்காரல."

பேரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒரு குறை. அந்த மூஞ்சி தூக்கற ஆளு இருக்காரே, கடைசியில என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. 'பே எங்கே, பே எங்கே'ன்னு ஒரே பாட்டு."

"ஐயையோ!" பேரக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். மக்கள் பெயரை எழுத மறந்தே போயிருந்தாள்.

மறுநாள் காலைச் செய்தியில் புர்க்கினாபே மக்கள் என்று ஒரு வரி சேர்ந்தது. அவசரமாக வந்த தாளைப் பார்த்து, "பேயா?" என்றார் வெண்கலம். "பே சார், பேய் இல்ல" என்றாள். அவர் சரியாகவே வாசித்தார். பாக்கி தீர்ந்ததுபோல மூஞ்சி தூக்குபவர் அன்று முழுவதும் சிரித்த முகமாக வேலை பார்த்ததாகக் கேள்வி.

வாயிற்சீட்டில் பெயரை மாற்ற மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார் அலுவலகக் குமாஸ்தா. கடிதம் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர்களின் அலமாரிக் கதவுகளில் பேரக்காவின் கணவரான ஃபிட்டர் தன் கையால் புதுப் பெயரைப் பெயின்ட்டில் எழுதிவிட்டார். பட்டப்பெயர்கள் ஒரே நாளில் ஒழியவில்லை. வோல்டேஜ் போய் 'ரசமட்டம்' வந்தது. ஸ்பேனர் காணாமல் போனால், "ஏப்பா நேர்மைக்காரங்களே, பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். உயரமானவர் இப்போது விஷயம் புரிந்தே சிரித்தார், பதிலும் கொடுத்தார்: "நேர்மைக்கிட்ட இல்லண்ணே. உங்க பாக்கெட்ல பாரு."

அந்த வருடக் கடைசியில் அவர்கள் கிளம்பினார்கள். கூடவே முந்நூறு பம்புகள், எழுபது மரப்பெட்டிகளில். பெட்டிமேல் போய்ச் சேரும் நாட்டின் பெயரை அச்சடிக்கத் தகடு வெட்ட வேண்டும். ஃபிட்டர் தாளும் பென்சிலுமாக வீட்டில் வந்து உட்கார்ந்து, "ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு. இது கப்பல்ல போற சமாச்சாரம். தப்பு வந்தா என் மானம் இல்ல, உன் மானம் போகும்" என்றார். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எழுபது பெட்டியிலும் கறுப்பு மையில் அந்தப் பெயர் இறங்கியது. லாரியில் ஏற்றுவதற்கு முன் மூத்தவர் ஒவ்வொரு பெட்டியாக நடந்து போய், ஒன்றுவிடாமல் வாசித்துப் பார்த்தார்.

பேரக்காவுக்கு இந்த உச்சரிப்பு வேலை பதவியாகக் கிடைக்க இன்னும் நாலு வருடம் ஆயிற்று. வெண்கலம் ஓய்வு பெறும் நாளில் மேலாளரிடம், "எனக்கு மாலை வேண்டாம், இந்தப் பொண்ணுக்கு ஆர்டர் குடுங்க" என்று அடம் பிடித்ததால் கோப்பு நகர்ந்தது என்று பிரிவில் சொல்வார்கள். உச்சரிப்பு அலுவலர் என்று ஒரு பதவி, சன்னலோரம் ஒரு மேசை, ஒரு தொலைபேசி. அவள் ஓய்வு பெற்றபோது அட்டைகள் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தன. நாடுகள் உடைந்தன, சேர்ந்தன, பெயர் மாற்றின. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒருவரைத் தேடிப் பிடித்து, "வீட்ல என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள். மைக் முன்னால் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பெண் பார்க்க வந்தபோது இது பேச்சாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்:

"ரேடியோவுல முப்பது வருஷம் இருந்தாங்கன்னு சொல்றீங்க. நான் தினம் கேக்கறவ. சம்பந்தி குரலை ஒருநாளும் கேட்டதில்லையே?"

பேரக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஃபிட்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க ரேடியோவுல ஏதாச்சும் நாட்டுப் பேரு கேட்டிருக்கீங்களா?"

"அது தினம் கேக்கறதுதானே. அமெரிக்கா, ரஷ்யான்னு எத்தனையோ."

"அதெல்லாம் இவ குரல்தாங்க. வேற ஆளு வாயில வந்துச்சு, அவ்வளவுதான்."